மொரெஸ் பிரபுவின் சுவர்

மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எர்சாந்த் சீமாட்டி எங்களை நேராகப் பார்த்தாள். அவள் இறந்து எண்ணூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்கு முன் நான்கு வருடமாக நாங்கள்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரான்சின் மலைப்பகுதியில் மொரெஸ் என்ற சிற்றூருக்கு மேலே, இடிந்த கோட்டை ஒன்றின் கடைசிக் கோபுரம் நிற்கிறது. அதன் இரண்டாம் மாடிச் சுவருக்கு வெளியே சாரம் கட்டி, தகரக் கொட்டகை போட்டு, சுவரைத் துளைத்து அந்தக் கருவியைப் பதித்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். நானும் வளர்மதியும் எங்களுக்குள் 'ஆடி' என்போம்.

ஆடிக்கு இந்தப் பக்கம் எங்கள் கொட்டகை. அந்தப் பக்கம் அதே அறை, பன்னிரண்டாம் நூற்றாண்டில். இங்கே ஒரு நாள் போனால் அங்கேயும் ஒரு நாள் போகும். முன்னே ஓட்டவோ பின்னே தள்ளவோ முடியாது. ஒருமுறை அணைத்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி திறக்கவும் முடியாது. அங்கிருந்து வெளிச்சமும் சத்தமும் இங்கே வரும், இங்கிருந்து எதுவும் அங்கே போகாது என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

என் பெயர் இன்னாசி. தூத்துக்குடிக்காரன். குருமடத்தில் ஒன்பது வருடம் படித்தேன். சாமியாராகாமல் வெளியே வந்தபோது கையில் மிஞ்சியது லத்தீன் ஒன்றுதான். அதை வைத்து பிரான்சுக்கு வந்து, அந்தக் காலத்துப் பேச்சுமொழியையும் கற்றேன். அங்கே பேசுவதைக் கேட்டு எழுதுவது என் வேலை. ஆடியைப் பராமரிப்பது வளர்மதியின் வேலை. அவள் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. என்னைவிடப் பதினாறு வயது இளையவள்.

மொரெஸின் பிரபு ரெனோவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அவருடைய தந்தை குதிரையோடு ஆற்றில் போனபோது பதினாறு வயதிலேயே பிரபு ஆனவர். இடது காலில் பழைய அம்புக்காயம். நடந்தால் சற்று இழுக்கும். ஒருமுறை மூன்று நாள் பல்வலி வந்தபோது, தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகத் திட்டிவிட்டு, வலி நின்றதும் அதே வரிசையில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஏழு வயது மகள் ஏலிஸுக்குச் சவாரி பழக்க, குதிரைச் சேணத்தைப் பெஞ்சின்மேல் போட்டு உட்காரவைத்து, பெஞ்சைத் தானே பிடித்து ஆட்டுவார். "எங்கூருல பெரிய பண்ணையம் வெச்சிருந்த பண்ணாடி ஒருத்தரு இப்பிடித்தானுங்கண்ணா. ஊருக்கெல்லாம் புலி, மக முன்னாடி பூனை" என்பாள் வளர்மதி.

ஆனால் வரலாறு ரெனோவைப் பற்றி வேறு சொல்லியது. மலையடிவார மடத்தின் ஏட்டில் அவரைப் பற்றி நான்கே வரிகள். பிரபு தன் மனைவியை, அவள் சுவரிலிருந்த ஆவியுடன் பேசினாள் என்ற காரணத்தால் விலக்கினார், அவள் அடைக்கப்பட்ட இடத்திலேயே மூன்றாம் குளிர்காலத்தில் இறந்தாள், பிரபு எருசலேமுக்குப் போனார், திரும்பவில்லை. ஆண்வாரிசு இல்லாததால் வேறு கல்யாணம் செய்ய நினைத்து மனைவிமேல் பழி போட்டார் என்று அறிஞர்கள் எழுதிவந்தார்கள். அது உண்மையா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த அறையில் ஆடி வைத்தார்கள்.

ஆண்வாரிசு ஒன்று பிறக்கத்தான் செய்தது. முந்தைய இலையுதிர்காலத்தில் கீ என்று பெயரிட்ட ஆண்குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. மூன்று நாள் அது முனகியதை நாங்கள் கேட்டோம். இரண்டாம் நாள் வளர்மதி, "என் பையில மருந்து இருக்குதுங்கண்ணா. என் புள்ளைக்கு வாங்குனது. ஒரே சொட்டுதான் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைவிட்டு வெளியே போய் மழையில் நின்றாள்.

அதைவிடக் கொடுமை பிறகு வந்தது. குழந்தை போகப்போகிறது என்று தெரிந்ததும் தாதி அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தாள். பதற்றத்தில் வார்த்தைகளை மாற்றிச் சொல்லிவிட்டாள். மடத்தின் தலைவர் திபோ, ரெனோவின் சொந்தத் தம்பி. அவர் அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்த்தார். குழந்தையைக் கோயில் மண்ணுக்கு வெளியே, வேலியோரம் புதைத்தார்கள். குருமடத்தில் படித்தவன் என்பதால் அதன் பொருள் எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மோட்சம் இல்லை. தன் பிள்ளை எந்த இருட்டில் கிடக்கிறதோ என்று அந்தத் தாய் வாழ்நாளெல்லாம் யோசிக்கவேண்டியதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழைக்காக எர்சாந்த் ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். அறை இருண்டது. திரும்பியவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல எங்களை நோக்கி வந்தாள்.

"வளரு, இங்க வா" என்றேன். "நம்மளத்தான் பாக்கா."

"சுவத்தைப் பாக்கறாங்கண்ணா."

"இல்லம்மா. என் கண்ணப் பாக்கா."

எர்சாந்த் சுவரடியில் மண்டியிட்டாள். அவள் பேசிய மொழியைப் பேச இன்று உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் அவள் என் காதில் தூத்துக்குடிக்காரியாகத்தான் பேசினாள்.

"கீ... நீயாய்யா? குளிருதா ஒனக்கு?"

வளர்மதி இரண்டு நாள் தூங்காமல் அளந்து பார்த்தாள். மூன்றாம் நாள் என்னையும் திட்டத் தலைவி மதாம் டெல்மாஸையும் உட்காரவைத்துச் சொன்னாள். ஆடி வழியாக நம் பக்கத்து வெளிச்சமும் துளி கசிகிறது. முதல் நாளிலிருந்தே கசிந்திருக்கிறது. படம் தெளிவாக வரவேண்டும் என்று ஜனவரி மாதம் விசையைக் கூட்டியபோது கசிவும் கூடியிருக்கிறது. இருட்டறையில் பார்த்தால் சுவரில் மங்கலான நீலவட்டம் தெரியும்.

"கணக்கு தப்பில்லீங்க. கணக்கு முழுசா இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

"ஏட்டில் எழுதியிருந்த ஆவி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நாம்தான்" என்றார் மதாம் டெல்மாஸ். கெட்டவர் இல்லை அவர். முகம் வெளுத்துத்தான் இருந்தது. "ஆனால் யோசித்துப் பாருங்கள். சீமாட்டியை அடைத்தது நடந்து முடிந்த விஷயம். எண்ணூறு வருடமாக ஏட்டில் இருக்கிறது. இப்போது நாம் அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் அது நடந்ததுதான். அணைத்தால் உண்மையும் நமக்குக் கிடைக்காது."

வளர்மதி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "இவன் இன்ன நாள்ல சாவான்னு சோசியக்காரன் சொல்லிட்டா, நாமளே போய் அவனை வெட்டிப்போட்டு விதின்னு சொல்லிக்கலாமுங்களா? கேளுங்கண்ணா அவங்ககிட்ட."

கேட்டேன். மதாம் டெல்மாஸ் விசையைப் பாதியாகக் குறைக்க உத்தரவிட்டார். அதனால் பயனில்லை. எங்கே பார்க்கவேண்டும் என்று எர்சாந்துக்குத் தெரிந்துவிட்டது.

தினமும் காலைப் பூசை முடிந்து வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரடியில் உட்காருவாள். ஆடு குட்டி போட்டதை, ஏலிஸுக்குப் பல் விழுந்ததை எல்லாம் சொல்லுவாள். "ஒங்கப்பாவுக்கு ஒம்மேல கோவமில்லய்யா. ஒன் பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயிருதாரு. அழுதா நான் பாத்திருவேன்னு போறாரு." ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. நான் ஒவ்வொரு சொல்லையும் எழுதினேன். அவள் கன்னத்தில் சதை வைத்தது. சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் காலை அவள் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, நெற்றியை முட்டிக்கொண்டு கேட்டாள். "ஒரே ஒரு தடவை காட்டு. நீ இருட்டுல இல்ல, வெளிச்சத்துலதான் இருக்கேன்னா ஒரு அசைவு காட்டு. அதுக்கப்புறம் நான் ஒன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

வளர்மதி சாரத்துக்குக் கீழே கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நான் மட்டும்தான். பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கும் தகுதி எனக்குக் கிடைக்கவில்லை. அதை நானே விட்டுவிட்டு வந்தவன். ஆனாலும் ஒரு தாய் கேட்கிறாள், பதில் சொல்ல இந்த உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. நான் வலது கையை விரித்து ஆடிக்கு முன்னால் பிடித்தேன். மூன்று எண்ணும்வரை பிடித்து எடுத்தேன்.

வெளிச்சம் மறைந்து வந்திருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எர்சாந்த் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சிரித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட ஓடினாள். அறையின் மறுகோடியில் கட்டில். அதன் திரை பாதி திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

ரெனோ நம்பவில்லை. ஆனாலும் வந்தார். முக்காலியை இழுத்துப்போட்டுச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தார். நீலவட்டம் தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார். கையை இறக்கி, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஒன்னை ஒரு தடவைதான் தூக்கினேன். அடுத்த தடவை கையெல்லாம் மண்ணா இருந்துச்சு. கழுவிட்டு வந்து தூக்கலாம்னு இருந்தேன்."

பிறகு மனைவியிடம் சொன்னார். "இதை யாருகிட்டயும் சொல்லாத. முக்கியமா தம்பிகிட்ட. திபோ நல்லவன்தான். ஆனா அவன் சொன்ன தீர்ப்பு தப்புன்னு சுவரு சொல்லுதுன்னா, அவன் சுவரைப் புடிக்கமாட்டான். நம்மளத்தான் புடிப்பான்."

வளர்மதியிடம் நான் கையைக் காட்டியதைச் சொல்லவில்லை. அன்று பதிவைத் திருப்பிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க காட்டாட்டி நான் காட்டியிருப்பேனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பணிப்பெண் ஒருத்தி கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். சீமாட்டி சுவரோடு பேசுகிறாள் என்ற பேச்சு பத்து நாளில் மடத்துக்குப் போய்விட்டது. ஈஸ்டர் முடிந்த வாரம், திபோவும் ஆயர் அனுப்பும் இரண்டு குருக்களும் வந்து சுவரைச் சோதித்து விசாரிப்பார்கள் என்று கடிதம் வந்தது. ரெனோ அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மடத்தோடு சண்டைக்குப் போவதா, மனைவியை அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர் தனக்குள் பேசிக்கொண்டே காலை இழுத்து இழுத்து அறையில் நடந்ததை நாங்கள் ஒரு வாரம் பார்த்தோம். அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒன்றும் பார்க்கவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் புலம்பினேன் என்று அவள் சொல்லவேண்டும். சுவர் வெறும் கல்தான் என்று அவர் சத்தியம் செய்யவேண்டும்.

"வெளிச்சம் தெரிஞ்சுச்சுன்னா?" என்று கேட்டாள் எர்சாந்த்.

அதற்குப் பதில் எங்களிடம்தான் இருந்தது.

மதாம் டெல்மாஸிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் காத்திருக்கச் சொல்வார். "ஏட்டுல எழுதியிருக்கறதை மாத்த முடியாதுன்னு அந்தம்மா சொல்றாங்க" என்றாள் வளர்மதி. "மாத்த முடியலீன்னா போகுது. நாம ஒத்தாசையாவது பண்ணாம இருக்கோணும்." விசாரணை நாள் காலை, குருக்களின் குதிரைகள் முற்றத்தில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரெனோ மனைவியின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"சுவரைப் பாக்காத. என்ன ஆனாலும் என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வளர்மதி விசையை முழுவதும் இறக்கி ஆடியை அணைத்தாள். ஆடிக்குள் பாசி பிடித்த கல்லும், கூரையில்லாத அறையில் பெய்யும் வெயிலும் தெரிந்தன.

வளர்மதியை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவள் கோபிக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். லத்தீன் வாசிக்க ஆள் வேண்டும் என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள். எர்சாந்த் நல்லபடியாகத் தப்பித்திருப்பாள் என்று ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொள்வோம். ஏட்டின் நான்கு வரி இருவருக்கும் நினைவிருந்தது. மடத்துக்காரன் பொய் எழுதியிருக்கலாம் என்போம்.

பதினான்கு மாதம் கழித்து, வேறொரு மடத்து நூலகத்தில் பழைய பாட்டுப்புத்தகம் ஒன்றைப் பிரித்துச் செப்பனிட்டபோது, அட்டைக்குள் ஒட்டியிருந்த தோல்தாள்கள் நான்கு கிடைத்தன. மொரெஸ் விசாரணையின் குறிப்பு. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள்.

குருக்கள் ஜன்னலைச் சாத்தி, உச்சிவேளை வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுவர் இருட்டாகவே இருந்தது. சீமாட்டி துக்கத்தில் புலம்பியதாகச் சொன்னாள். பிரபு நற்செய்திப் புத்தகத்தின்மேல் கை வைத்து, அது கல்தான் என்று சத்தியம் செய்தார். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் போதும் என்று தீர்த்துவிட்டு எழுந்தார்கள். தீர்ப்பை எழுதியவர், சீமாட்டி புலம்பலில் பொய் பேசினாள் என்று உரக்க வாசித்தார்.

அப்போது ஏலிஸ் முன்னால் வந்தாள்.

"எங்கம்மா பொய் சொல்லல. நானும் பாத்தேன்."

திபோ அவளை மடியில் உட்காரவைத்து அன்பாகக் கேட்டார் என்று குறிப்பு சொல்கிறது. எங்கிருந்து பார்த்தாய்? கட்டிலிலிருந்து. என்ன பார்த்தாய்? கை. தம்பியின் கையா? இல்லை, பெரிய கை. எப்படியிருந்தது?

"கறுப்பா இருந்துச்சு" என்றாள் குழந்தை.

இதைக் கேட்டதும் சீமாட்டி ஒருமுறை அலறினாள், அதன்பின் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த அலறலின் காரணத்தை எழுதியவர் அறிந்திருக்கமாட்டார். எனக்குத் தெரியும். கறுப்பு என்றால் அந்தக் காலத்தவர்களுக்குச் சாத்தான். நாற்பது நாள் அவள் யாரோடு பேசினாள் என்று அந்த நொடியில் யோசித்திருப்பாள். அவளுடைய கீ அங்கே இல்லை. இருந்தது வேறு யாரோ.

ரெனோ எழுந்து, தானும் வெளிச்சத்தைப் பார்த்ததாகவும், அதை வரவழைத்தது தான்தான், மனைவி அல்ல என்றும் சொன்னார். யாரும் நம்பவில்லை. பொய்ச்சத்தியம் செய்தார் என்பது மட்டும் நிரூபணமானது. தீயில் இடவேண்டும் என்று ஒரு குரு சொன்னார். பிரபு தரையில் விழுந்து கெஞ்சியதால் சீமாட்டியை அடைத்துவைப்பது என்று ஆயிற்று. பொய்ச்சத்தியத்துக்குப் பரிகாரமாக அவர் எருசலேமுக்கு நடந்தே போகவேண்டும். அந்த இழுக்கும் காலோடு அவர் எவ்வளவு தூரம் போனார் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஏலிஸைத் திபோ மடத்தில் வளர்க்க எடுத்துக்கொண்டார்.

அந்தத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் ரயிலிலும் கடையிலும் இந்தக் கையைப் பார்த்துச் சிலர் நகர்ந்து உட்கார்ந்ததுண்டு. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த மாதம் பாரிஸில் கூட்டம். வேறொரு கோட்டையில், வேறொரு பிரபுவின் கூடத்தில் புதிய ஆடி வைக்க முடிவாகியிருந்தது. நான் பேச அனுமதி கேட்டேன். மதாம் டெல்மாஸ் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரெனோ மனைவியைத் தள்ளிவைக்கவில்லை, எண்ணூறு வருடம் அவரைத் தப்பாகப் பேசினோம் என்று சொன்னேன். அவள் கேட்டதையும் நான் காட்டியதையும் சொன்னேன். குழந்தையின் வாக்குமூலத்தை லத்தீனில் வாசித்து மொழிபெயர்த்தேன். வலது கையைத் தூக்கிக் காட்டினேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இனி எந்த வீட்டுக்குள்ளும் ஆடி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர்கள் நான் சொன்னதை மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் தீர்மானம் வந்தது. பணி தொடரும். விசை வரம்புக்குள் இருக்கும். ஆடிக்கு முன் திரை போடப்படும். மொரெஸில் நேர்ந்த துயரம் மீண்டும் நேராதிருக்க, ஆடிக்கு அருகில் பணிபுரியும் அனைவரும், நிற வேறுபாடின்றி, வெள்ளைக் கையுறை அணியவேண்டும்.

வளர்மதியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் பக்கம் கோபியில் சாயங்காலம். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"அண்ணா, கட்டில் நேரா பத்தடி தள்ளி இருந்துச்சுங்க. அங்கதான் உருவம் விழும். பக்கத்துல நின்னவங்களுக்கு வெறும் வெளிச்சந்தான்."

"அது தெரியுதும்மா."

"நான் சொல்ல வந்தது அதில்லீங்க. உங்களுக்குப் பின்னாலதான் விளக்கு எரிஞ்சுது. வெளிச்சத்துக்குக் குறுக்க நீட்டுனா எந்தக் கையும் கறுப்பாத்தானுங்க தெரியும். உங்க கையா இருந்தாலும் மதாம் கையா இருந்தாலும். வெள்ளை உறை போட்டாலும் கறுப்பாத்தான் தெரியும்."

இதை அப்படியே பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. கையுறைகள் ஏற்கனவே வந்துசேர்ந்துவிட்டனவாம். திங்கட்கிழமை திறக்கிறார்கள். அந்தப் பிரபுவுக்கு நான்கு பிள்ளைகள்.